ஓசூரில் கட்டிய கப்பல்

என் வாழ்நாளில் முட்டாள்களுக்குக் குறைவே இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள், ஆபீசில் எனக்கு மேலே உட்கார்ந்தவர்கள், பெண் பார்க்கப் போன வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் என்று ஒரு படையே உண்டு. அத்தனை பேரையும் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் கப்பல் மேஸ்திரியை மட்டும் வைத்தால், மேஸ்திரியின் தட்டுதான் தரையைத் தொடும். கோடை வந்தால் குடிதண்ணீருக்குக் குடத்தோடு சண்டை போடுகிற ஓசூரில் உட்கார்ந்துகொண்டு கடலில் ஓட்டப் பாய்மரக் கப்பல் கட்டியவர் அவர். அதுவும் யாரும் கேட்காமல்.

ஐம்பதுகளில் நான் ஓசூரில் ஒரு பஸ் கம்பெனியில் புக்கிங் ரைட்டராக இருந்தேன். பெங்களூர் ரோட்டில் எங்கள் ஆபீசை ஒட்டி பாடி கட்டுகிற ஷெட். அப்போதெல்லாம் எஞ்சினும் சக்கரமும் சட்டமும் மட்டும்தான் வெளியூரிலிருந்து வரும். அதன்மேல் மரத்தில் கூடு கட்டித் தகரம் அடித்துப் பஸ்ஸாக்குவது உள்ளூர் மேஸ்திரியின் வேலை. நம்முடைய மேஸ்திரி கட்டிய பஸ்ஸில் உட்கார்ந்தவனுக்கு ஜன்னல் எட்டாது, நின்றவனுக்குத் தலை இடிக்கும். ஒரு பயணி அதைப் பற்றிக் கேட்டதற்கு, "வெளியில வேடிக்கை பாக்கவா டிக்கெட் எடுத்தீங்க? ஊருக்குப் போகத்தான எடுத்தீங்க?" என்று திருப்பிக் கேட்டவர் அவர். பஸ்ஸின் கூரைமேல் எவ்வளவு மூட்டை ஏற்றினாலும் தாங்கும் என்பது அவருடைய ஒரே பெருமை. தாங்கும்தான். வளைவில் திரும்பும்போது உள்ளே இருப்பவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

இந்த மனிதருக்குக் கடற்கரையில் பெண் எடுத்தது யார் செய்த வினையோ தெரியவில்லை. மாமனார் பரங்கிப்பேட்டைக்காரர். கருவாட்டைக் கொண்டுவந்து விற்றுவிட்டு, ஊத்தங்கரை, கல்லாவிப் பக்கம் புளி வாங்கிக்கொண்டு போகிற வியாபாரி. அப்படி வந்து போன பழக்கத்தில் மகள் கனகத்தை மேஸ்திரிக்குக் கொடுத்திருந்தார். கனகம்மாள் நல்ல பெண்மணி. கைமணம் என்றால் அப்படி ஒரு கைமணம். அவர் துவையல் அரைக்கிற வாசனை ஷெட் வரைக்கும் வரும். மேஸ்திரியின் சாமர்த்தியங்களில் அதை ஒன்றைத்தான் நான் ஒப்புக்கொண்டிருந்தேன்.

மச்சான் கல்யாணத்துக்காக இருவரும் பரங்கிப்பேட்டை போனார்கள். மாமனார் வீட்டுக் கொல்லை வெள்ளாற்றில் இறங்கும். கல்யாணத்துக்கு மறுநாள் சம்பந்திகளையெல்லாம் படகில் ஏற்றி ஆற்றில் ஒரு சுற்று கூட்டிப்போயிருக்கிறார்கள். படகு கொஞ்சம் ஆடியதுதான் தாமதம், நம் ஆள் பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறார். பிறகு சம்பந்தி வேட்டிமேலேயே வாந்தி எடுத்திருக்கிறார். கரையில் நின்ற மாமனார், ஏரித்தண்ணி குடித்து வளர்ந்த மாடு ஆற்றைப் பார்த்தால் இப்படித்தான் மிரளும் என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கனகம்மாளும் சிரித்துவிட்டார். அதுதான் ஆகவில்லை.

இனி உங்கள் தெருவில், உங்கள் மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு, ஈர வேட்டியோடு தனியாக ஓசூர் வந்து சேர்ந்தார். கனகம்மாளுக்கும் ரோஷம் உண்டு. விட்டுவிட்டுப் போனவரே வந்து கூப்பிடட்டும், அதுவரை வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். கூப்பிடப் போனால் சபதம் போய்விடும். போகாவிட்டால் பெண்டாட்டி போய்விடுவாள். மூளை உள்ளவன் சபதத்தை விட்டிருப்பான். மேஸ்திரி பல நாள் யோசித்து, அந்த வீட்டுக்குத் தெரு மட்டும் வழியல்ல, பின்னால் தண்ணீரும் வழிதான் என்று கண்டுபிடித்தார். கடல் வழியாகப் போய் ஆற்று முகத்தில் நுழைந்து கொல்லைப் படிக்கட்டில் கப்பலை நிறுத்தி, தரையில் கால் வைக்காமலே மனைவியை அழைத்துக்கொண்டு வந்துவிடலாம். வாந்தி எடுத்தவன் என்ற பெயரும் போய்விடும்.

நான் அவரிடம் வாடகைப் படகு என்று ஒன்று இருப்பதை எடுத்துச் சொன்னேன்.

"அடுத்தவன் படகுல போயி என் பொண்டாட்டியக் கூட்டியாரணுமா? நல்லா சொன்னீங்க ரைட்டரே" என்றார்.

பெங்களூரில் பட்டாளத்துக்காரர்கள் இருந்த தண்டுப் பக்கம் பழைய சாமான் கடையிலிருந்து ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கிவந்தார். கரையோரக் கடலில் ஓட்டுகிற சின்னப் பாய்மரப் படகை எப்படிக் கட்டுவது, எப்படி நடத்துவது என்று எவனோ ஒரு வெள்ளைக்காரன் பொழுதுபோகாமல் எழுதியது. மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குக் கடல் தெரியாது. தினமும் கடைசி பஸ் போனதும் நான் வாசித்துச் சொல்வது, அவர் அதைக் கேட்டுவிட்டு அதற்கு நேர்மாறாகச் செய்வது என்று வேலை நடந்தது.

அடிப்பாகம் பாதாம்பருப்புபோல வளைந்திருக்க வேண்டும் என்று படித்தேன். பலகை வீண் என்று சொல்லி, பஸ்ஸின் பக்கவாட்டுபோலத் தட்டையாக அடித்துத் தகரம் போர்த்தினார். அடியில் நடுவே மீன் துடுப்புபோல ஒரு கனத்த பலகை நீளவாக்கில் இறங்க வேண்டும், அது இல்லாவிட்டால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் என்று படித்தேன். அது இருந்தால் லாரியில் எப்படி வைப்பது என்று கேட்டார். பாரமெல்லாம் அடியில் இருக்கட்டும், மேலே லேசாக இருக்கட்டும் என்று படித்தபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. முப்பது மூட்டையைக் கூரைமேல் ஏற்றிக்கொண்டு தன் பஸ் ராயக்கோட்டை ஏற்றம் ஏறுவதை அந்த வெள்ளைக்காரன் பார்த்திருக்கிறானா என்று என்னைக் கேட்டார்.

முடிவில் ஷெட்டின் பின்புறம் உருவானது கப்பல் அல்ல, சக்கரம் இல்லாத அரை பஸ். ஆள் நிற்கிற உயரத்துக்கு ஒரு அறை. அதற்கு எட்டாத ஜன்னல்கள். கூரையில் மூட்டை வைக்கக் கம்பி. பின்னால் ஏணி. முன்னால் ரப்பர் பந்து வைத்த ஹாரன். முன்சீட்டின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் 'பெண்கள்' என்று எழுதியிருந்தார். கப்பலில் ஏறப்போகிற பெண் ஒருத்திதான். அந்த ஒருத்தி வருவாளா என்பதே சந்தேகம். இருந்தாலும் அவளுக்கு ஒரு சீட்டை ஒதுக்கி வைத்துவிட்டார்.

மழை பெய்து ராமநாயக்கன் ஏரி நிரம்பியதும் வெள்ளோட்டம். முனியப்பா என்கிற வண்டிக்காரர், ஷெட்டுக்குக் கெலமங்கலத்திலிருந்து மரம் ஏற்றிவருகிறவர், தன் மாட்டுவண்டியில் கப்பலைக் கட்டி ஏரிக்கு இழுத்துவந்தார். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, சண்டையில் தமிழ் பேசுகிற மனிதர். ஊரே கரையில் நின்றது. மேஸ்திரி பாயை ஏற்றினார். காற்று ஒரு தடவை ஊதியது. கப்பல் நண்டுபோலப் பக்கவாட்டில் கொஞ்சதூரம் போய், அப்புறம் வெயிலுக்கு ஒதுங்கிய எருமை மாதிரி நிதானமாகத் தண்ணீரில் படுத்துக்கொண்டது. ஹாரன் மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தடவை கத்தியது.

"ஆகல்ல சாமி. இது ஆகல்ல" என்றார் முனியப்பா.

வேறு யாராக இருந்தாலும் அன்றோடு விறகுக்கு உடைத்திருப்பார்கள். இவர் தலை துவட்டாமலே ஷெட்டுக்கு வந்து புத்தகத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். அறையின் கூரையை அறுத்து இடுப்புயரம் ஆக்கினார். அடியில் கனத்த பலகையைப் பொருத்தினார். பாரத்துக்கு ஷெட்டில் கிடந்த உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டைகளையும் பிரேக் டிரம்களையும் அடித்தளத்தில் அடுக்கினார். அவையும் போதாமல் ஒருநாள் வீட்டிலிருந்து அம்மிக்கல்லையும் குழவியையும் தூக்கிக்கொண்டு வந்தார். மலையை உடைத்து ஊருக்கெல்லாம் கல் அனுப்புகிற சீமையில் வேறு கல்லே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். வீட்டில் சும்மாதான் கிடக்கிறது என்றார். வீட்டில் சும்மா கிடந்தது அம்மி மட்டுமல்ல என்பது எனக்குத் தெரிந்ததால் அதற்குமேல் கேட்கவில்லை.

இப்போது கப்பல் படுக்கவில்லை. ஆனால் சொன்ன பேச்சும் கேட்கவில்லை. சுக்கான் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் திரும்பும் என்று புத்தகம் சொன்னது. சுக்கானைப் பிடித்தவர் முனியப்பா. பிறந்தது முதல் இடக்கயிற்றை இழுத்தால் இடது, வலக்கயிற்றை இழுத்தால் வலது என்று மாடு ஓட்டிய கை. ஏரியில் இருந்த ஒரே பாறைக்கு வழிவிடுவதற்காகக் கட்டையைத் தள்ளி, அதன்மேலேயே நேராகக் கொண்டுபோய் முட்டினார். ஒரு தடவை அல்ல, போகும்போதும் வரும்போதும்.

"சோம்பேறி மாடு பாத்திருக்கேன், முட்டுற மாடு பாத்திருக்கேன். சொன்னதுக்கு எதிரா போற மாட்ட இன்னிக்குத்தான் சாமி பாக்கறேன்" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

மேஸ்திரி ஒரு வாரம் தலையைச் சொறிந்தார். பிறகு சுக்கானின் தலையில் குறுக்கே நுகத்தடிபோல ஒரு கட்டையை வைத்து, அதன் இரண்டு முனைகளிலும் மூக்கணாங்கயிறு கட்டி முனியப்பா கையில் கொடுத்தார். இடக்கயிற்றை இழுத்தால் கப்பல் இடது பக்கம் போனது. வலக்கயிற்றுக்கு வலது. எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது, குறுக்கும் மறுக்குமாகத்தான் போகவேண்டும் என்று நான் வாசித்தபோது, பாரவண்டியை மேட்டில் ஏற்றும்போது எல்லாரும் அப்படித்தானே ஓட்டுவோம், இதற்குப் புத்தகம் வேறா என்று முனியப்பா என்னைக் கேவலமாகப் பார்த்தார். ஊர் மட்டும் சிரிப்பை நிறுத்தவில்லை. கடலுக்கு ஏர் பூட்டப் போகிறார்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அதை முதலில் சொன்னவன் நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தை மாதம் வாடைக்காற்று நிதானப்பட்டதும் மேஸ்திரியும் முனியப்பாவும் நானுமாகக் கப்பலை லாரியில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டுபோனோம். நான் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். புத்தகம் வாசிக்க ஆள் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். இந்தக் கூத்தின் கடைசிக் காட்சியை அடுத்தவன் சொல்லிக் கேட்க எனக்கு மனமில்லை என்பது உண்மைக் காரணம்.

துறையில் இருந்த மீனவர்கள் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஒரு பெரியவர் ஏணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மேலே யார் ஏறுவார்கள் என்று கேட்டார். விடிந்தும் விடியாமலும் புறப்பட்டோம். ஆற்று முகத்தைத் தாண்டி முதல் அலை தூக்கிப் போட்டதுமே மேஸ்திரி வாந்தி எடுக்க ஆரம்பித்தார். கடலூரில் ஆரம்பித்தவர் பரங்கிப்பேட்டைவரை ஓயவில்லை. நானும் துணைக்கு எடுத்தேன். முனியப்பா ஒருவர்தான் வெற்றிலை போட்டுக்கொண்டு, இரண்டு கயிறுகளையும் பிடித்து, "நடி ராமா, நடி நடி" என்று மாட்டை நடக்கச் சொல்கிற கன்னடத்தில் வங்காள விரிகுடாவை ஓட்டிக்கொண்டு வந்தார்.

கரையை வலது கைப்பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டே தெற்கே போனோம். வெயில் ஏற ஏறக் காற்று வலுத்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. பாயைக் குறைக்க வேண்டும் என்று தோன்றினால் அப்போதே குறைத்துவிடு, யோசித்துக்கொண்டிருக்காதே என்று புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வந்து கத்தினேன். மேஸ்திரி ஒரு கையால் வாயைத் துடைத்துக்கொண்டே பாயின் அடிப்பக்கத்தைப் பாதிவரை சுருட்டி, அதில் தைத்திருந்த தோல்வார்களால் வரிசையாகக் கட்டினார். பஸ் ஜன்னலுக்கு மழைப்படுதா தைக்கிறபோது வைக்கிற அதே வார்கள். எந்தத் துணியைக் கையில் எடுத்தாலும் இந்த மனிதருக்கு வார் வைக்காமல் தைக்கத் தெரியாது. அந்த அறியாமையால்தான் நான் இன்று உயிரோடு உட்கார்ந்து அவரைத் திட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிற்பகலில் வெள்ளாற்று முகத்தில் நுழைந்தோம். மாமனார் வீட்டுக் கொல்லை கண்ணில் பட்டதும் மேஸ்திரி முகத்தைக் கழுவி, தலை வாரி, பெட்டியிலிருந்து சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஹாரனை அடித்தார். தென்னந்தோப்பில் இருந்த காக்காய்களெல்லாம் எழும்பின. தெருவே கொல்லைப்பக்கம் ஓடிவந்தது. கனகம்மாள் கையில் முறத்தோடு வந்து நின்றார். எல்லாம் மேஸ்திரி நினைத்தபடியே நடந்தது. படிக்கட்டுக்கு நாலு முழம் இருக்கையில் கப்பல் நின்றுவிட்டது.

தண்ணீர் வற்றுகிற நேரம். அடியில் இறங்கியிருந்த கனத்த பலகை சேற்றில் ஊன்றிக்கொண்டது. முழங்கால் ஆழம்தான். யாரும் இறங்கி நடந்து போய்விடலாம், மேஸ்திரியைத் தவிர. சேறும் மண்தானே, அதுவும் மாமனார் மண்.

மாமனார் படியில் வந்து உட்கார்ந்தார். கப்பலை மேலும் கீழும் பார்த்தார். ஏணியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"மாப்ள, அடியில பாரம் சாஸ்தி. எடுத்துப் போடுங்க, மெதக்கும். இல்லன்னா தண்ணி ஏறுற வரைக்கும் அப்பிடியே குந்தியிருங்க" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தயாரானார்கள். மேஸ்திரி ஒவ்வொன்றாக எடுத்து ஆற்றில் போட்டார். பட்டைகள் போயின. பிரேக் டிரம்கள் போயின. கப்பல் அசைந்தது, ஆனால் கிளம்பவில்லை. முனியப்பா கடைசியாக அம்மிக்கல்லைப் பிடித்துத் தூக்கினார்.

"அத விடு" என்றார் மேஸ்திரி.

"கல்லுதான சாமி. நம்ம ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?"

"விடுன்னா விடு. அது எங்க வீட்டுது."

கனகம்மாள் படியில் இரண்டு படி இறங்கி வந்து கப்பலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அது நம்ம அம்மிதான?"

"ஆமா."

"அப்ப இத்தன நாளு எதுல அரைச்சீங்க?"

"அரைக்கல."

"பின்ன என்னத்தத் தின்னீங்க?"

"களி."

"களிக்குத் தொட்டுக்க?"

மேஸ்திரி வெகுநேரம் யோசித்தார். கப்பலுக்கு வடிவம் போட்டபோதுகூட அவர் அவ்வளவு யோசித்ததில்லை.

"உப்பு" என்றார்.

கனகம்மாள் முறத்தைப் படியில் வைத்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி நடந்தார். கப்பலின் விளிம்பைப் பிடித்து ஒரு காலை உள்ளே வைத்தார். ஈரத் தகரத்தில் சேற்றுக்கால் வழுக்கியது. மேஸ்திரி குனிந்து இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்து, வழுக்காத இடமாகப் பார்த்து ஊன்றி வைத்தார். அந்த இடம் அம்மிக்கல்.

கல்யாணத்தில் அய்யர் சொல்லிச் செய்த காரியத்தை இப்போது யாரும் சொல்லாமலே செய்திருக்கிறோம் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை. கரையில் நின்ற பெண்களுக்குத் தெரிந்தது. சிரிக்கத் திறந்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டன. மாமனார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அவர் இறங்கியதும் தெருக்காரர்களும் இறங்கினார்கள். எல்லோரும் தோள் கொடுத்துத் தள்ளிய தள்ளலில் கப்பல் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு மிதந்தது. கனகம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'பெண்கள்' என்று எழுதியிருந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"மாப்ள, அடுத்த தடவ வாசப்பக்கமா வாங்க. கொல்லையில ஆழம் பத்தாது" என்றார் மாமனார், முழங்காலளவு சேற்றில் நின்றுகொண்டு.

அக்கரை அவருடைய மண் இல்லை என்பதால் அங்கே இறங்கினோம். மறுபடி கடலில் போக நானும் மேஸ்திரியின் குடலும் மறுத்துவிட்டதால் கப்பல் மாமனாரிடமே போய்ச் சேர்ந்தது. புளி மூட்டை ஏற்றி ஆற்றில் ஓட்டினாராம். மேஸ்திரி அடுத்த பொங்கலுக்கு வாசல் வழியாகவே போனார். சபதம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். மாமனாரே சேற்றில் இறங்கிவிட்டார், அப்புறம் நான் தெருவில் இறங்குவதில் என்ன இருக்கிறது என்றார்.

அன்று சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். கண்டக்டர் அம்மிக்கல்லைப் பார்த்ததும் கூரையில் போடச் சொன்னார். வாழ்நாள் முழுக்கக் கூரைமேல் மூட்டை ஏற்றியே பெயர் வாங்கிய மேஸ்திரி, பாரத்தை மேலே ஏற்றினால் வண்டி சாயும், அதுகூடத் தெரியாமல் என்ன கண்டக்டர் வேலை பார்க்கிறீர் என்று அவரோடு சண்டைக்குப் போனார். அதைச் சொல்லிக் கொடுத்தது வெள்ளைக்காரனும் நானும் என்று நான் இடையில் புகுந்து சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் அம்மி மேஸ்திரி காலடியிலும் குழவி கனகம்மாள் மடியிலுமாக ஓசூர் வந்து சேர்ந்தன. மறுநாள் மத்தியானம் ஷெட் வரைக்கும் துவையல் வாசனை வந்தது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

அப்படி ஒரு முட்டாளை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. இப்போதும் எந்த ஊர் பஸ்ஸில் ஏறினாலும், உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவை எல்லாச் சீட்டையும் பார்த்துக்கொள்கிறேன், யார் காலடியிலாவது அம்மிக்கல் இருக்கிறதா என்று.